துறைமுகத்து வழிகாட்டிகள்

(நமது சங்கத்தின் கண்டாச்சிபுரம் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயம், நடுக்கடலினின்று வரும் கப்பல்களைத் துறைமுகத்தினுள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் வழிகாட்டிகளின் சரித்திரமும் அவர்தம் தொழிலுமாம். இவர்களைப் பைலட் என்று இக்காலத்தார் வழங்குவர். ஆகாய விமானம் செலுத்துகிறவர்க்கு அப்பெயர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகட்கு முன்பே அது கப்பலுக்கு வழி காட்டுவோனைக் குறித்து வழங்கிற்று. நமது தமிழிலோ மீகாமன், நீகான் என்னும் பழைய பெயர்கள் கப்பலோட்டுவோனுக்கு உள்ளன. மாலுமி என்று நாம் இன்று சொல்லும் சொல், ஆசிரியன் என்று பொருள்படும் அரபுச் சொல்லினின்று வந்ததென்று அறிஞர் கருதுவர். வழி காட்டுகிறவனை ஆசிரியன் என்றே அழைத்த அம்மக்களின் விவேகம் போற்றத்தக்கது.

"கடலே காணாத நமது ஊரில் கப்பலைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கண்டாச்சிபுரத்தைச் சுற்றிக் கற்பாறைகளும் ஏரிகளும் புன்செய்க் கொல்லைகளுமே உள்ளன. அலையோசை நம் காதில் விழுவதில்லை. ஆனால் நமது கொல்லையில் விளையும் பயிரைச் சற்று நினைத்துப் பாருங்கள். நிலக்கடலையை நம் பக்கத்தார் மணிலாக் கொட்டை என்பர். மணிலா என்பது பிலிப்பைன் தீவுகளிலுள்ள துறைமுகப் பட்டினம். தென் அமெரிக்காவிற் பிறந்த அப்பயிர் கப்பலேறி உலகைச் சுற்றி நம்மிடம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு ஜில்லாவில் விளைந்த அந்தக் கொட்டை, புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிப் பிரான்சு தேசத்து மார்செயில் பட்டினத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. இன்றோ, நாம் வயலுக்கு இடும் உரத்தில் ஒரு பங்கும், நமது அடுப்படியில் உள்ள பாமாயிலும், வண்டிக்கு ஊற்றும் எண்ணெயின் மூலப்பொருளும் கப்பலிலேயே வருகின்றன. ஆகவே, கடலை நாம் காணாவிடினும் கடல் நம் வீட்டினுள் வந்து நிற்கிறது. அதனை வீடுவரை பத்திரமாகக் கொண்டுவரும் மனிதர் யாவர் என்று அறிவது நமது கடமையேயாகும்.

இனி, இத்தொழில் யாதென்பதைச் சொல்லுகிறேன். பதினாயிரம் மைல் கடலைத் தாண்டி வந்த கப்பல் தலைவனுக்குக் கடைசி இரண்டு மூன்று மைல் தூரத்துக்கு மற்றொருவன் துணை எதற்கு? நியாயமான கேள்விதான். விடை யாதெனில், கப்பலுக்கு அபாயம் நடுக்கடலில் குறைவு, கரையருகே அதிகம். நடுக்கடலில் ஆழத்துக்கும் அகலத்துக்கும் குறைவில்லை. கரையை நெருங்க நெருங்க மணல்மேடுகளும் பாறைகளும் நீரோட்டமும் குறுகிய வாயிலும் குறுக்கிடுகின்றன. மேலும், பெரிய கப்பல் மாட்டுவண்டியைப்போலக் கயிற்றை இழுத்தவுடன் நிற்பதன்று. இயந்திரத்தை நிறுத்திய பின்பும் மைல் கணக்கில் ஓடும். வேகம் மிகக் குறைந்தாலோ சுக்கானுக்குக் கட்டுப்படாது. வேகமாகப் போனால் அடியில் நீர் குறைந்த இடத்தில் கப்பல் மேலும் தாழ்ந்து தரைதட்ட ஏதுவாகும்; மெதுவாகப் போனால் காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தை அந்தந்த இடத்தில், அந்தந்த நாழிகையில் அறிந்து செலுத்த வல்லவன், நாள்தோறும் அந்நீரிலேயே பழகினவன் ஒருவனே. கப்பல் தலைவனுக்குத் தன் கப்பலைத் தெரியும். வழிகாட்டிக்குத் தன் தண்ணீரைத் தெரியும். இருவர் அறிவும் ஒன்றுசேர்ந்தால்தான் கப்பல் கரை சேரும்.

இவ்வுண்மையை நம் தேசத்தார் மிகப் பழைய காலத்திலேயே உணர்ந்திருந்தனர். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத கிரேக்க வர்த்தகர் ஒருவர் செங்கடல் முதல் இந்தியக் கரை வரையிலுள்ள துறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிப்ளூஸ் என்பது அதன் பெயர். கூர்ஜரத்தில் நருமதை கடலொடு கலக்குமிடத்தில் இருந்த பாருகச்சம் என்னும் பட்டினத்தின் வாயில் மணல்மேடுகளாலும் கடுமையான ஏற்றவற்றத்தாலும் ஆபத்து நிறைந்ததென்று அவர் வர்ணிக்கிறார். அங்கே அரசனுடைய ஊழியத்திலிருந்த செம்படவர்கள், ஆள் நிறைந்த பெரிய படகுகளில் கடல் வாயிலுக்கு வெகுதூரம் முன்னதாகவே வந்து காத்திருந்து, அந்நியக் கப்பல்களை எதிர்கொண்டு, மணல்மேடுகளுக்கு இடையே வழி நடத்துவராம். நீர் ஏறும்பொழுது கப்பலை இழுத்துச் சென்று, நீர் வற்றும்பொழுது குறித்த இடங்களில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்துவராம். சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னே அரசாங்கச் சம்பளம் பெற்ற துறைமுக வழிகாட்டிகள் நம் தேசத்தில் இருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர்களை அவ்வேலைக்கு உரியவர்களாக்கியது, அந்தத் தண்ணீரை அவர்கள் அறிந்திருந்ததேயாகும்.

அந்நூலிலேயே நமது கிழக்குக் கரைத் துறைகள் மூன்று கூறப்பட்டுள்ளன. அவற்றுள் பொதுகே என்பது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது நமது ஜில்லாவைச் சேர்ந்த மரக்காணம் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் இம்மரக்காணமே என்பர். இன்று உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற அவ்வூர், ஒரு காலத்தில் அந்நிய நாட்டார் தம் நூலில் எழுதிவைக்கும் துறையாக விளங்கிற்று. மேலும் பெரும்பாணாற்றுப்படையில், உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் விளக்கேற்றி, கடலில் திசை தடுமாறும் கலங்களைத் துறைக்கு அழைத்த செய்தி காணப்படுகிறது. சிலப்பதிகாரமும் கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறது. விளக்கு தூரத்தில் நின்று அழைக்கும். வழிகாட்டியோ கப்பலில் ஏறி உடன்வருவான். இரண்டும் ஒரே தருமத்தின் இரு பாகங்கள்.

வழிகாட்டியின் தொழில் எவ்வளவு வலியதென்பதற்கு 1498-ம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். வாஸ்கோடகாமா ஆப்பிரிக்காவைச் சுற்றி மாலிந்தி என்னும் துறைக்கு வந்து சேர்ந்தான். அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு வர அவனுக்கு வழி தெரியவில்லை. வழி காட்டியவன் ஒரு கூர்ஜரத்தான் என்று போர்த்துக்கீசிய ஆசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். தேசத்தின் தலைவிதியை மாற்றிய அப்பிரயாணத்தில் சுக்கானுக்குத் திசை சொன்னவன் நம்மவனே. அவ்வழி காட்டினதால் பின்னர் விளைந்தவற்றை அவன் அறிந்திருக்க மாட்டான். வித்தை நம்மிடம் இருந்தது. அதன் பயனை ஆளும் ஸ்தானம் நம்மிடம் இல்லாமற் போயிற்று. இந்தப் பேதத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்னைப்பட்டினத்தின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். 1639-ம் வருஷத்தில் கம்பெனியார் அங்கே இடம் பெற்றபொழுது துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. திறந்த கடல், ஓயாத அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஜனங்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரைக்கு வரவேண்டும். அப்படகுகளின் பலகைகளை ஆணி கொண்டு அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். இரும்பாணி அறைந்த படகு அலையில் மோதிப் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். கட்டுமரத்தார் அலைகளினூடே சென்று, தலையில் தரித்த கூம்புக் குல்லாயினுள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பர். எந்த அலைக்குப் பின் எந்த அலை வரும், எப்பொழுது துடுப்பை நிறுத்தவேண்டும், எப்பொழுது முழுபலத்துடன் தள்ளவேண்டும் என்பதைக் கரையில் வாழ்ந்த பட்டினவர் முதலிய மரபினர் தவிர வேறு எவரும் அறியார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரை வன்னி என்றும் அவர்கள் பிரித்தறிந்தனர். சமுத்திரத்தை ஆண்ட ஆங்கிலேயரும் சென்னைக் கரையில் கால் வைக்க அவர்களையே நம்ப வேண்டியிருந்தது.

பின்னர் துறைமுகம் கட்டத் தீர்மானித்தனர். 1875-ம் வருஷம் டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார். கடலினுள் இரண்டு பெரிய அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை முடியுந் தறுவாயில், 1881-ம் வருஷம் நவம்பரில் அடித்த புயல் அச்சுவர்களைத் தகர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். ஆயினும் கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அச்சுவர்கள் தடுத்தமையால், தெற்கே மணல் குவிந்து இன்று நாம் காணும் அகன்ற மெரீனாக் கடற்கரை உண்டாயிற்று. வடக்கே இராயபுரத்துப் பக்கம் கடல் கரையை அரித்தது. 1904-ம் வருஷம் தலைமைப் பதவிக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் இஞ்சினீயர் காலத்தில்தான் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கே புதிய வாயில் அமைத்தனர். கடலின் நடையை அறியாமல் செய்த வேலைக்குக் கடலே பாடம் கற்பித்தது.

துறைமுகம் ஏற்பட்டபின் கப்பல்கள் சுவர்களுக்குள் வந்து நின்றன. மசூலாப் படகுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வாயிலினுள் கப்பலைக் கொண்டுவருவதற்குச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி வேண்டுமென்று ஏற்பட்டது. 1908-ம் வருஷத்து இந்தியத் துறைமுகச் சட்டம், குறிப்பிட்ட துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் அளவுள்ள எந்தக் கப்பலும் வழிகாட்டியோ துறைமுக அதிகாரியோ உடனில்லாமல் உள்ளே வருதலும் வெளியே போதலும் கூடாதென்று விதித்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் வருஷத்தில் புதிய துறைமுகச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. விதி நல்ல விதியே. ஆனால் சான்றிதழ் பெறுவதற்கு வேண்டிய படிப்புக் கரையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாய் அலையை அறிந்தவர் மக்கள் கூலிக்காரராயினர்; அலையைப் புத்தகத்தில் படித்து வந்தவர் அதிகாரிகளாயினர்.

கல்கத்தாவின் கதையும் இதுவே. ஹூக்ளி நதி உலகத்துக் கடினமான கப்பல் வழிகளுள் ஒன்று. கடலிலிருந்து கல்கத்தா வரை வழிகாட்ட வேண்டிய தூரம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றிருந்த ஆழம் இன்றிருக்குமென்று சொல்லமுடியாது. 1694-ம் வருஷத்தில் ஒரு கப்பல் அங்கே மணலில் தட்டி மூழ்க, அக்கப்பலின் பெயராகிய ஜேம்ஸ் அண்டு மேரி என்பதே அம்மணல்மேட்டுக்கும் பெயராயிற்று. மணலில் சிக்கிய கப்பலை நீரோட்டம் புரட்டிவிடும், மணல் விழுங்கிவிடும். இந்நதியில் வழிகாட்ட வங்காளப் பைலட் சர்வீஸ் என்னும் உத்தியோக வகுப்பைக் கம்பெனியார் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஏற்படுத்தினர். நெடுங்காலம் அது ஐரோப்பியர்க்கே உரியதாய் இருந்தது. கயிறு இழுக்கவும் படகு தள்ளவும் நம்மவர், கட்டளையிட அந்நியர்.

நமது வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, மறுவருஷம் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்த வீரச்செயலை நீங்கள் அறிவீர்கள். ஒரு தேசத்தார்க்குக் கப்பல் வாங்கப் பணம் மட்டும் போதாது. அதை நடத்தக் கற்ற மக்களும் வேண்டும். இந்திய இளைஞர்க்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி அளிக்க டபரின் என்னும் பயிற்சிக் கப்பலை அரசாங்கத்தார் பம்பாயில் ஏற்படுத்தியது 1927-ம் வருஷத்திலேதான். அதன் பின்னரே நம்மவர் படிப்படியாக மேல்தட்டில் ஏறினர். கதவு திறக்கப்படுமுன் நம்மவர்க்கு அறிவில்லை என்று சொன்னார்கள். திறந்தபின் அச்சொல் பொய்யாயிற்று.

இவ்விடத்தில் நம் சங்கத்தார் ஒன்று சிந்திக்கவேண்டும். இங்கிலாந்தில் 1514-ம் வருஷத்தில் எட்டாம் ஹென்றி அரசர் மாலுமிகளின் கூட்டம் ஒன்றுக்குச் சாசனம் அளித்தார். டிரினிட்டி ஹவுஸ் என்பது அதன் பெயர். அதுவும் நம்முடையதுபோல ஒரு சங்கமே. ஒரே தொழிலினர் ஒன்றுகூடித் தங்கள் நன்மையைக் காத்தது. ஆனால் அது நிலைத்து நின்றது, இன்னாருக்குப் பிறந்தவன் என்று கேட்டதனால் அன்று. இந்நீரை அறிவாயா என்று கேட்டுப் பரீட்சித்ததனால். குலத்தொழில் என்பதைப் பற்றி நம்மவர்க்குள் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. நமக்கு வழிவழி வந்த தொழிலை விட்டு வேறொன்றை நாடுவது தகாது என்பது ஒன்று. பிறர் குலத்தொழிலைப் பற்றி நமக்கென்ன என்பது மற்றொன்று. முன்னது நம் பிள்ளைகளின் காலைக் கட்டுகிறது. பின்னது நம் கண்ணைக் கட்டுகிறது. மணல்மேடு எவன் சாதியையும் கேட்பதில்லை. தெரிந்தவன் தப்பினான்; தெரியாதவன் மூழ்கினான்.

இனி வழிகாட்டியின் ஒரு நாள் வேலையைச் சொல்லுகிறேன். வெளியே காத்திருக்கும் கப்பலுக்கு அவர் சிறிய விசைப்படகில் செல்கிறார். இரவாயின், மேலே வெள்ளை விளக்கும் கீழே சிவப்பு விளக்கும் ஏந்திய படகு வழிகாட்டியின் படகென்று எல்லாத் தேசத்தாரும் அறிவர். கப்பலின் பக்கத்தில் நூலேணி தொங்கும். படகு ஓர் ஆள் உயரம் எழும்பித் தாழ்ந்துகொண்டிருக்க, அது உச்சிக்கு வந்த கணத்தில் அவர் ஏணியைப் பற்றி ஏறவேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே நசுங்குவார். நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டருக்கு மேல் நூலேணியில் மட்டும் ஏறலாகாதென்று சர்வதேச விதி உண்டு. அவ்வுயரத்துக்கு மேற்பட்டால் கப்பலின் சாய்வுப் படியையும் சேர்த்து அமைக்கவேண்டும். விதி இருந்தும், அறுந்த கயிற்றாலும் வழுக்கிய படியாலும் உயிரிழந்த வழிகாட்டிகள் உலகமெங்கும் உளர்.

மேலே சென்றபின், தலைவரும் வழிகாட்டியும் முதலில் தம் அறிவைப் பரிமாறிக்கொள்வர். கப்பலின் நீளம் என்ன, நீருள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, இயந்திரத்தில் கோளாறு உண்டா என்று இவர் கேட்பார். எங்கே திரும்பவேண்டும், எத்தனை இழுவைக் கப்பல்கள் வரும், எப்பக்கம் கட்டவேண்டும் என்பதை இவர் சொல்வார். பின்னர் வழிகாட்டி திசையும் வேகமும் சொல்ல, கப்பல் நகரும். வெள்ளையும் சிவப்புமான கொடி ஏறும்; வழிகாட்டி கப்பலில் இருக்கிறார் என்பது அதன் பொருள். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. வழிகாட்டி வந்ததனால் தலைவரின் பொறுப்பு நீங்குவதில்லை. பனாமாக் கால்வாய் போன்ற சில இடங்கள் தவிர, மற்றெங்கும் கப்பல் தலைவருடையதே. அபாயம் என்று தோன்றினால் அவர் குறுக்கிடலாம், குறுக்கிடவும் வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் விபத்து நேர்வதுண்டு. 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெங்கும் கருமை படிந்தது. வாளிகளால் ஜனங்கள் அதனை அள்ளினார்கள். கப்பலையே காணாத செம்படவக் குடும்பங்களின் பிழைப்புக் கெட்டது. கரையருகே நேரும் பிழைக்குக் கரையில் இருப்பவரே வரி செலுத்துகிறார்கள்.

2024-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தினின்று கொழும்பை நோக்கிப் புறப்பட்ட டாலி என்னும் பெருங்கப்பல், நடுஇரவுக்குப் பின் மின்சாரம் இழந்து சுக்கான் செயலற்றுப் பாலத்தை நோக்கிச் சென்றது. அக்கப்பலின் மாலுமிகளிற் பெரும்பாலார் இந்தியர். உடனிருந்த வழிகாட்டிகள் நங்கூரம் விடச் செய்தனர். இழுவைக் கப்பலை அழைத்தனர். பாலத்தில் வண்டிகளை நிறுத்துமாறு செய்தி அனுப்பினர். சில நிமிஷங்களுக்குள் கப்பல் தூணில் மோதிப் பாலம் சரிந்தது. அச்செய்தியினால் காவலர் இரு முனைகளிலும் வண்டிகளைத் தடுத்திருந்தனர். பாலத்தின்மேல் பழுது பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர் ஆறு பேர் மாண்டனர், அவர்கட்காக வருந்துகிறோம். ஆயினும் அந்தச் செய்தி இல்லையேல் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்கும்! கப்பலைக் காப்பாற்ற இயலாதென்று தெரிந்த கணத்திலும், பிறரைக் காக்க வழியுண்டா என்று எண்ணியது அவர்களுடைய பயிற்சி.

இனி நமது இளைஞர்க்குச் சில வார்த்தைகள். இத்தொழிலுக்கு நேர்வழி இல்லை, நெடுவழியே உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றைச் செவ்வையாகக் கற்கவேண்டும். கண்பார்வை கூர்மையாக இருக்கவேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவர்க்குக் கப்பல் மேல்தட்டில் இடமில்லை. 2008-ம் வருஷத்தில் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் தலைமையிடம் நமது சென்னையிலேயே உள்ளது. அங்காவது அங்கீகாரம் பெற்ற வேறு கல்லூரியிலாவது நௌகா சாஸ்திரம் பயின்று, கப்பலில் பயிற்சி பெற்று, படிப்படியாகப் பரீட்சைகள் தேறி, பல வருஷம் கடலில் உழைத்த பின்னரே துறைமுகத்தார் வழிகாட்டி வேலைக்கு எடுத்துக்கொள்வர். எடுத்த பின்பும் பழைய வழிகாட்டியின் பக்கத்தில் நின்று பழகி, முதலிற் சிறு கப்பல்களுக்கும் பின்னர்ப் பெரியவற்றுக்கும் உரிமை பெறவேண்டும்.

பெண்களுக்கும் இது உரியதே. மகளிரோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்னும் கருத்துடைய சூத்திரம் தொல்காப்பியத்தில் உண்டு. அது அக்கால வழக்கு. சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோபர் நாஹா என்னும் பெண்மணி, அதே ஹூக்ளி நதியில் வழிகாட்டியாகத் தேறி, இந்தியாவின் முதல் பெண் வழிகாட்டி என்று பெயர்பெற்று, நாரீ சக்தி விருதும் அடைந்தார். ஐரோப்பியர் தவிர எவரும் ஏறமுடியாதென்றிருந்த மேடையில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் நின்று கட்டளை இடுகிறாள் என்றால், நமது வீட்டுப் பெண்களைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவதற்கு நாம் என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்?

இதில் கஷ்டங்களும் உண்டு. அவற்றை மறைப்பது தருமமன்று. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். தாய் தகப்பன் நோயுற்றாலும் உடனே ஓடிவர முடியாது. கப்பற்காரனுக்குப் பெண் கொடுக்க நம்மவர் தயங்குகிறார்கள். படிப்புக்குப் பெருந்தொகை செலவாகிறது. எல்லாவற்றினும் கொடியது, கப்பலில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏழைப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் தரகர் கூட்டம். நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேலையும் இன்றி, சான்றிதழும் செல்லாததாய், கண்ணீர் விடும் குடும்பங்கள் நாட்டிற் பல உண்டு. மத்திய அரசாங்கத்துக் கப்பற் போக்குவரத்து இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்கலாகாது. வழி தெரியாத இடத்தில் வழி தெரிந்தவனைக் கேட்டுச் செல்லவேண்டும் என்பதுதானே வழிகாட்டியின் தொழில் நமக்குச் சொல்லும் முதற்பாடம்!

ஆதலால் நம் சங்கத்தார் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, நமது கல்வி நிதியின் உதவி பழக்கப்பட்ட இரண்டொரு படிப்புகளுக்கே என்றிராமல், கடல்சார் படிப்புக்கும் ஆண் பெண் என்ற பேதமின்றி அளிக்கப்படவேண்டும். இரண்டாவது, பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை சென்னை, புதுச்சேரி, மரக்காணம் முதலிய இடங்களுக்கு அழைத்துச் சென்று கடலையும் கப்பலையும் காட்டவேண்டும். காணாத தொழிலைப் பிள்ளை விரும்புவதெங்ஙனம்? மூன்றாவது, மரக்காணத்துக் கரைவாழ் மக்களை அழைத்து நமது கூட்டத்திற் பேசச் செய்யவேண்டும். அவர்கள் அறிந்ததை நாம் கேட்டறிவதால் நமது பெருமை குறையாது. பிற குலத்தாரின் வித்தையை மதிக்கத் தெரியாத சங்கம் தன் குலத்தையும் உயர்த்தமாட்டாது.

பெரியோர்களே! வழிகாட்டி கப்பலுக்குச் சொந்தக்காரர் அல்லர். சரக்கில் அவருக்குப் பங்கில்லை. பிரயாணத்தின் புகழும் அவருக்கில்லை. கப்பல் அபாயமான இடத்தைக் கடக்கும்வரை உடனிருந்து, கடந்தபின் ஏணியில் இறங்கிப் போய்விடுகிறார். அடுத்த கப்பல் காத்திருக்கிறது. நமது பிள்ளைகள் விஷயத்தில் நாமும் அவ்வாறே இருத்தல் வேண்டும். ஆழமும் மணல்மேடும் எங்கே என்று சொல்லுவது நம் கடமை. சுக்கானைப் பிடிப்பது அவர்கள் உரிமை. எந்தத் துறைக்குச் செல்வதென்று தீர்மானிப்பதும் அவர்களே. அவர்கள் ஆழ்கடலை அடைந்தபின் நாம் இறங்கத் தெரிந்திருக்கவேண்டும்.